விலங்குக் கதை வாசிப்பில் கருத்துக் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை என வடசென்னையின் பல தெருக்களில் மாலைநேர வாசிப்பு வட்டங்கள் நடக்கின்றன. அவற்றை நடத்த ஆர்வத்தோடு வரும் இளைஞர்களுக்குப் பயிற்சி தருவது என் வேலையின் ஒரு பகுதி. அவர்களில் பெரும்பாலோர் முதலில் எடுப்பது, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் ஊக்கமூட்டும் விலங்குக் கதையைத்தான். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் போதும். நான்காம் வகுப்புப் பிள்ளையும் வாசித்துவிடும், வேலை முடிந்து களைப்போடு வரும் பெரியவரும் வாசித்துவிடுவார். தேர்வில் குறையில்லை. வாசித்து முடித்தபின் கருத்துக் கேட்கும் இடத்தில்தான், இந்த வேலைக்கு வந்த நாங்கள் அனைவரும் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்கிறார்கள். குரல் எழாமை, கடைசி வரிசையைக் கவனிக்காமல் விடுவது போன்றவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

நீதியை முதலிலேயே சொல்லிவிடுவது

"இன்று தன்னம்பிக்கையைப் பற்றி ஒரு கதை வாசிக்கப் போகிறோம்" என்று தொடங்கினால், அதற்குப் பிறகு யாரும் கதையை வாசிப்பதில்லை; தன்னம்பிக்கை எந்த வரியில் வருகிறது என்று தேடுகிறார்கள். விலங்குக் கதைகளின் வரலாற்றில் நீதி என்பது கதையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்த ஒன்றன்று. ஈசாப் கதைகளை லத்தீன் செய்யுளாக்கிய பீட்ரஸ் சில கதைகளில் நீதியைத் தலைப்பகுதியிலும் சிலவற்றில் இறுதியிலும் வைத்தார். பின்வந்தவர்கள் அதே கதைகளுக்கு வேறு நீதிகளை எழுதினார்கள். பஞ்சதந்திரத்தின் முதல் பகுதியான மித்திரபேதத்தில் தமனகன், கரடகன் என்ற இரண்டு நரிகளும் தங்கள் தங்கள் கட்சியை நிலைநாட்டவே ஒன்றுக்கொன்று கதை சொல்கின்றன. அங்கே கதை ஒரு வாதம். வாதம் என்றால் எதிர்வாதத்துக்கு இடம் இருந்தாக வேண்டும். முதல் வாக்கியத்திலேயே தீர்ப்பைப் படித்துவிட்டால் அந்த இடம் அடைபட்டுப்போகிறது.

கைதட்டலை வைத்து அளப்பது

கதை முடிந்தது என்று தெரிந்தாலே கைதட்டுவார்கள். அதைக் குறித்துக்கொள்ள வேண்டியதில்லை.

எதிர்பாராத கருத்தைத் திருத்துவது

மற்றத் தவறுகளைப் பொறுமையாகச் சுட்டிக்காட்ட என்னால் முடிகிறது. இதை மட்டும் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனென்றால் இதனால் ஏற்படும் நட்டம் அன்றைய கூட்டத்தோடு முடிவதில்லை.

அண்மையில் ஒரு வட்டத்தில், கிணற்றில் விழுந்த கழுதையின் கதை வாசிக்கப்பட்டது. பலருக்கும் தெரிந்த கதைதான். ஒரு விவசாயியின் கிழட்டுக் கழுதை பாழுங்கிணற்றில் விழுந்துவிடுகிறது. கழுதைக்கும் வயதாகிவிட்டது, கிணற்றையும் எப்படியும் மூடத்தான் வேண்டும் என்று எண்ணிய அவர், அக்கம்பக்கத்தாரை அழைத்து மண்ணை அள்ளிப் போடச் சொல்கிறார். முதலில் கதறிய கழுதை, பிறகு தன் முதுகில் விழுந்த மண்ணை ஒவ்வொரு முறையும் உதறிவிட்டு, அதன் மேலேயே ஏறி நின்று, கடைசியில் வெளியே வந்துவிடுகிறது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுந்து, நம்மீது வீசப்படும் துன்பங்களையே படிகளாக்கிக்கொள்ள வேண்டும் என்று தெளிவாகச் சொன்னாள். வட்டத்தை நடத்திய இளம்பெண் மகிழ்ந்து பாராட்டினார். அடுத்து, ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "வெளிய வந்த கழுத, திருப்பி அந்தாளு வூட்டுக்கேதான் போச்சா மிஸ்?" அதற்குக் கிடைத்த பதில், "அது கதையில் முக்கியமில்லை, நன்றாக யோசித்துச் சொல்." அவனுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, வீட்டுவேலை முடித்து மகளை அழைத்துப்போக வந்தவர், "மண்ணு போட்டவங்கள்ல ஒருத்தர்கூடவா வேணான்னு சொல்லல?" என்றார். "அம்மா, நாம் கழுதையிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்" என்று அவருக்கும் பதில் வந்தது. சலவைத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், சிறுவயதில் வீட்டில் கழுதை வளர்த்தவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பயந்துபோன கழுத ஒரு அடிகூட எடுத்து வெக்காதும்மா. அடிச்சாலும் நவுராது. தெரிஞ்ச கொரல் கேட்டாத்தான் நவுரும். மேல நின்னு யாரோ அத கூப்ட்டிருக்கணும்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "தாத்தா, இது சும்மா கதைதான்" என்றார்.

அந்தச் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு மாலையில் மூன்று வாசிப்புகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. பெரியவர் சொன்னது கழுதையைப் பற்றிய உண்மை: அச்சம் வந்தால் குதிரை ஓடும், கழுதை அப்படியே நின்றுவிடும், மனிதர்கள் அதைத்தான் பிடிவாதம் என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். இந்த அறிவோடு வாசிக்கும்போது கதையில் இல்லாத ஒருவர் கிணற்றின் விளிம்பில் வந்து நிற்கிறார், பெயர் சொல்லி அழைக்கிறார். தன்னம்பிக்கையைப் பற்றிய கதை, துணையைப் பற்றிய கதையாகிறது. இப்படி ஒரு வாசிப்பை நான் எந்தப் பயிற்சிக் குறிப்பிலும் பார்த்ததில்லை.

ஊக்கமூட்டும் கதைகளுக்கு ஏன் இத்தனை விதமான எதிர்வினைகள் எழுகின்றன என்பதைப் புதியவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கதைகளில் ஊர்ப்பெயர் இல்லை, ஆள்பெயர் இல்லை, காரணங்கள் ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பதும் இல்லை. அந்த வெற்றிடங்களை வாசிப்பவர் தம் வாழ்க்கையைக் கொண்டே நிரப்புகிறார். கதை எழுதியவர் நம்மைக் கழுதையின் இடத்தில் நிற்கச் சொல்கிறார். எல்லோரும் அங்கேயே நிற்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. வேலையிலிருந்து நிறுத்தப்பட்டு, வேறு வழியில்லாமல் அதே முதலாளியிடம் திரும்பிப் போன ஒருவரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, கிணற்றிலிருந்து ஏறி வருவது கதையின் முடிவாகத் தோன்றாது. எங்கே திரும்பிப் போவது என்பதுதான் அவனுக்குக் கேள்வி. தெருவில் ஒரு குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற்றப்படும்போது சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்த பெண், மண்ணை அள்ளிப் போட்ட கைகளைத்தான் முதலில் பார்ப்பார்.

திருத்தப்பட்டவர்கள் சண்டை போடுவதில்லை. சரியான பதிலைக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த வட்டத்தில் அடுத்தடுத்த வாரங்களில் எந்தக் கதையைக் கொடுத்தாலும் விடாமுயற்சி, தன்னம்பிக்கை, ஒற்றுமை என்ற மூன்றில் ஒன்றே பதிலாக வந்தது. பள்ளியில் "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" என்ற கேள்விக்கு எழுதிப் பழகிய பிள்ளைகளுக்கு இது எளிது. பெரியவர் வருவதை நிறுத்திக்கொண்டார். நடத்துபவரோ, எல்லோரும் ஒரே குரலில் சொல்வதைக் கேட்டு, வட்டம் முன்னேறுவதாக நம்பினார். ஒருமுறை மூடிய வாயைத் திறக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

நம் மரபிலேயே இதற்கு ஒரு நல்ல வழிகாட்டி இருக்கிறது. பிள்ளையைக் காத்த கீரியை, பிள்ளையைக் கொன்றதாக எண்ணி அடித்துவிடும் பெண்ணின் கதை பஞ்சதந்திரத்தில் வருகிறது. ஆராயாமல் செய்யாதே என்பது அங்கே அதன் நீதி. அதே பெண் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் வருகிறாள். கீரியைக் கொன்ற பழிக்காகக் கணவன் அவளைவிட்டு வடக்கே போய்விடுகிறான். அவள் கையில் ஏட்டோடு தெருத்தெருவாக அழுதுகொண்டு வருகிறாள். கோவலன் அவளை அழைத்து அவள் துயரையும் ஏட்டையும் பற்றிக் கேட்டறிந்தபின், நீ முன்பே யோசித்திருக்க வேண்டாமா என்று கேட்கவில்லை. பாவம் தீர்வதற்கான தானங்களுக்குப் பொருள் கொடுத்து, போன கணவனையும் திரும்ப வரவழைத்துச் சேர்த்து வைக்கிறான். கதையின் நீதி என்னவென்று பார்க்காமல், கதைக்குள் இருப்பவளுக்கு இப்போது என்ன தேவை என்று பார்த்த வாசகன் அவன். "ஒருத்தர்கூடவா வேணான்னு சொல்லல?" என்று கேட்ட அம்மாவும் அதே வரிசையில் வருகிறவர்தான்.

ஆகவே, எதிர்பாராத கருத்து வந்தால் திருத்தாதீர்கள், "கதையில் எந்த இடத்தைப் படித்தபோது அப்படித் தோன்றியது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்வியைக் கண்டிப்பான குரலில் கேட்டால் அதுவும் திருத்தமாகிவிடும். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்க வேண்டும். அந்த அம்மாவால் "அக்கம்பக்கத்தாரை அழைத்து" என்ற வரியை விரலால் காட்ட முடியும். பையனால் கதையின் கடைசி வரியைக் காட்ட முடியும். காட்டிய வரியை மற்றவர்களையும் மறுபடி வாசிக்கச் சொன்னால், அங்கிருந்தே பேச்சு தொடங்கிவிடும்.

எல்லாக் கருத்தும் சரி என்று தலையாட்டுவது

முன்னதைப் படித்தவர்கள் இந்தப் பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. கழுதை செத்துப்போச்சு என்று ஒரு பிள்ளை சொன்னால், அவன் கடைசிப் பத்தியை வாசிக்கவில்லை. அன்போடு அந்தப் பத்திக்குத் திருப்பி அனுப்புங்கள். வரியைக் காட்ட முடிகிறதா என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

விலங்கைப் பற்றிய பொய்யை உண்மையாகச் சொல்வது

கழுகு 40 வயதில் மலையுச்சிக்குப் போய், அலகைப் பாறையில் மோதி உடைத்து, நகங்களைப் பிடுங்கி, புதிதாக வளரும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து, 70 வயதுவரை வாழ்கிறது என்ற கதை கைப்பேசிகளில் ஓயாமல் சுற்றுகிறது. அலகின் மேலுறையும் நகமும் கெரட்டின் என்ற பொருளால் ஆனவை. தேயத் தேய வளர்ந்துகொண்டே இருப்பவை. அவற்றை இழந்த கழுகால் இரையைப் பிடிக்கவோ கிழிக்கவோ முடியாது. மாதக்கணக்கில் பட்டினி கிடந்து அது உயிர்பிழைக்காது. மெல்லச் சூடேறும் நீரில் தவளை தெரியாமலே வெந்துபோகும் என்ற கதையும் அப்படித்தான். 1869ல் ஜெர்மானிய உடலியல் அறிஞர் கோல்ட்ஸ் செய்த சோதனையில், அசையாமல் இருந்தவை மூளை அகற்றப்பட்ட தவளைகள். முழுத் தவளைகள் தப்பிக்கவே முயன்றன.

காசிமேட்டுத் துறைமுகத்தின் மேல் வட்டமிட்டு, மீனைக் கவ்விக்கொண்டு போகும் பருந்துகளை நாள்தோறும் பார்க்கும் பிள்ளைகளிடம் இதையெல்லாம் அறிவியல்போலச் சொன்னால், "மூக்கு இல்லாம எப்பிடி துன்னும்?" என்று கேட்கத்தான் செய்வார்கள். கேட்டவனை அடக்காதீர்கள். கழுதை மண்ணை உதறி ஏறுவது கற்பனை என்று கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். கழுகின் கதை உயிரியல் செய்தியின் தோற்றத்தில் வருவதால்தான் அது ஏமாற்று வேலையாகிறது. கதை என்று சொல்லிக் கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள்.

இழப்பின் நடுவே ஊக்கக் கதை கொடுப்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து எண்ணூர், எர்ணாவூர் பகுதிகளுக்குள் புகுந்தது. படகுகளிலும் வலைகளிலும் வீட்டுச் சுவர்களிலும் கறுப்பு எண்ணெய் படிந்தது. எண்ணெய் ஒட்டிய இறகுகளோடு கூழைக்கடாக்கள் நின்றதைச் செய்திகளில் பலரும் பார்த்திருப்பார்கள். அப்போது உதவிப் பொருள்களோடு வந்த ஒருவர், மக்களுக்கு மனத்தெம்பு தருவதாக எண்ணி, வேடனின் வலையையே தூக்கிக்கொண்டு ஒன்றாகப் பறந்த புறாக்களின் கதையைச் சொன்னார். ஒற்றுமையே பலம் என்பது அவர் கருதிய பொருள். மீன் விற்கும் ஓர் அம்மா கேட்டார்: "வலைய தூக்கினு பறந்துட்டா, வலைக்காரன் கடன எப்பிடிப்பா கட்டுவான்?"

வந்தவருக்குப் பதில் தெரியவில்லை. அந்த அம்மா கதையைத் தவறாகப் புரிந்துகொள்ளவில்லை. வட்டிக்கு வாங்கிய வலை எண்ணெயில் ஊறிக் கிடக்கும் வீட்டிலிருந்து பார்த்தால், கதையில் இழப்புக்கு ஆளானவன் வேடன். இத்தகைய நேரத்தில் ஊக்கக் கதை இன்னொன்றையும் செய்கிறது: துன்பத்திலிருந்து எழுவது துன்பப்பட்டவரின் பொறுப்பு மட்டுமே என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. மண்ணைப் போட்டவர் யார், எண்ணெயை விட்டவர் யார் என்ற கேள்விக்கு அதில் இடமில்லை. இழப்பு நேர்ந்த வீடுகளில் அரிசியையும் பாயையும் கொடுத்துவிட்டு அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். கதை பிறகு வரட்டும்.

மௌனத்தை நிரப்புவது

யாரும் பேசாவிட்டால் காத்திருங்கள்.

கருத்துகளைச் சுருக்கி அறிக்கையில் எழுதுவது

"கதையின் மூலம் குழந்தைகள் தன்னம்பிக்கையின் சிறப்பை உணர்ந்தனர்" என்ற வாக்கியத்தை நான் பல பதிவேடுகளில் பார்த்துவிட்டேன். எந்தக் கதை, எந்தத் தெரு, எந்த மாதம் என்று மாற்றினாலும் அந்த வாக்கியம் பொருந்திவிடும் என்பதால், அதிலிருந்து யாரும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. சொன்னவரின் பேச்சு வழக்கிலேயே, ஒரு சொல்லையும் செந்தமிழாக்காமல், அவர் காட்டிய வரியோடு சேர்த்து எழுதி வையுங்கள். அவர் கேட்டது கேள்வியாக இருந்தால் கேள்வியாகவே எழுதுங்கள். அதைக் கருத்தாக மாற்றாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குக் கதை தேர்ந்தெடுக்கும்முன் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள்: திரும்பிப் போன கழுதையைப் பற்றி ஒருவன் கேட்டிருந்தால், எசமானனை விட்டுப் போகும் விலங்கின் கதை ஒன்றை எடுங்கள்; கழுதை வளர்த்த பெரியவர் பேசியிருந்தால், அவர் வீட்டுக்கே போய், அடுத்த வாரம் கழுதைகளைப் பற்றிப் பிள்ளைகளுக்கு அவரே சொல்ல முடியுமா என்று கேளுங்கள்.