ஒரே ரீடரில் பல கார்டு: மாற்றும்போது படம் கெடாமல் இருக்க

முகூர்த்த நாள் முடிந்த மறுநாள், சேலத்தில் ஒரு ஸ்டூடியோ மேஜையில் நான்கைந்து மெமரி கார்டு சேர்ந்துவிடும். அவற்றைக் கணினியில் படிக்கும் ரீடர் ஒன்றுதான் இருக்கும். ஒன்றை உருவி அடுத்ததைச் செருகும் அந்த அவசரத்தில்தான் பல கார்டுகள் கெடுகின்றன.

படத்தைக் கணினிக்கு நகலெடுக்க மட்டும் கார்டைப் போடுகிறீர்கள் என்றால், முதலில் அதன் இடப்பக்கம் உள்ள சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். விண்டோஸ் கார்டைப் பார்த்ததுமே அதில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்று ஒரு ஃபோல்டரை எழுதிவிடும். ஆகவே ‘நான் எதுவும் எழுதவில்லையே’ என்று நினைத்து உருவுவது தப்பு. பூட்டு போட்டிருந்தால் ரீடர் எழுத விடாது. மைக்ரோ கார்டில் பூட்டு கிடையாது, அதைப் போடும் அடாப்டரில் இருக்கும்.

கார்டில் எழுதும்போது கதை வேறு. கணினி தரவை முதலில் ரேம் எனும் தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்து, பிறகுதான் கார்டுக்கு அனுப்பும். லினக்ஸில் காப்பி பட்டை முடிந்த பிறகும் தரவு 30 நொடி வரை ரேமில் காத்திருக்கலாம், பெரிய வீடியோ என்றால் எழுதி முடிய நிமிடக்கணக்கில் ஆகும். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து எஜெக்ட் கொடுக்காமலே உருவ விடும் ‘குயிக் ரிமூவல்’ இயல்பாகவே இருக்கிறது. இருந்தாலும் எழுதும் பாதியில் உருவினால் அது காப்பாற்றாது. 64 ஜிபி கார்டுகளில் வழக்கமாக இருக்கும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பில், எந்தக் கோப்பு கார்டில் எங்கே இருக்கிறது என்று குறிக்கும் கோப்பு அட்டவணை பெரும்பாலும் ஒரே பிரதிதான். பழைய ஃபேட்32-ல் இருந்த இரண்டாம் பிரதி இங்கே இல்லை.

மாற்றும் முறை இது: திறந்திருக்கும் படங்களையும் எடிட்டிங் மென்பொருளையும் மூடுங்கள். ‘திஸ் பிசி’யில் அந்த டிரைவ் எழுத்தின் மேல் வலது கிளிக் செய்து ‘எஜெக்ட்’ கொடுங்கள். டாஸ்க்பாரில் இருந்து நீக்கினால் சில சமயம் ரீடரே காணாமல் போய்விடும், அடுத்த கார்டு தெரியாது. ரீடரின் விளக்கு நின்ற பிறகு உருவுங்கள்.

கார்டு மாறிய செய்தியை ரீடர்தான் கணினிக்குச் சொல்ல வேண்டும். கேட்டதும் கணினி, ஃபார்மேட் செய்யும்போது கார்டில் பதிவாகும் சீரியல் எண்ணை ஒப்பிடும். பிளாப்பி காலத்தில், 1988-ல் வந்த டாஸ் 4.0 இயங்குதளம் முதல் இந்த எண் உண்டு. மட்டமான ரீடர் சொல்லத் தவறினால், புதுக் கார்டைப் போட்டும் பழைய கார்டின் கோப்புப் பெயர்களே தெரியும். அப்போது எதையும் எழுதாதீர்கள், அழிக்காதீர்கள். பழைய அட்டவணை புதுக் கார்டில் ஏறிவிடும். கார்டை வெளியே எடுத்து, ரீடர் வயரைக் கழற்றி மீண்டும் மாட்டுங்கள். அந்த ரீடரைத் தூக்கிப்போடுவதே நல்லது.

ஏற்காட்டில் எடுத்த படத்தைக் காரில் மலை இறங்கும்போதே லேப்டாப்பில் ஏற்றாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் வயர் ஆடும், தொடர்பு நொடியில் அறும்.

கெட்டுவிட்டால் ‘ஃபார்மேட் செய்யவா?’ என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லுங்கள். ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ கூட உடனே வேண்டாம்: துண்டுகளை ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டரில் பெயரில்லாமல் குவித்துவிடும். முதலில் பூட்டைப் போட்டு, கார்டு முழுவதையும் ஒரே கோப்பாக ஹார்டு டிஸ்கில் நகலெடுங்கள்; 64 ஜிபி கார்டுக்கு அதே அளவு காலி இடம் தேவை. அந்த நகலின் மேல் இலவசமான ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டுங்கள். கோப்புப் பெயர் போய்விடும், படம் பெரும்பாலும் வந்துவிடும்.