பூச்சாடி அலங்காரம்: தண்டை மறப்பதால் வரும் தவறுகள்

நம் வீடுகளில் பூ என்றால் பெரும்பாலும் தண்டில்லாத பூதான். மல்லிகையையும் முல்லையையும் முழக்கணக்கில் வாங்கி, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துப் பழகிய கை, ஓசூரிலிருந்து வரும் ரோஜாக் கட்டையும் நீலகிரியின் கார்னேஷனையும் அதே வழக்கப்படி கையாளும்போதுதான் சாடி அலங்காரத்தின் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. கட்டிய பூ தனக்குள் இருக்கும் ஈரத்தைக் கொண்டே ஒரு நாள் வாழ்கிறது. அதற்குத் தெளிக்கும் நீர் துணை செய்கிறது. சாடியில் நிற்கும் கொய்மலரோ தண்டின் வழியாக நீரைக் குடித்து ஒரு வாரம், சில வேளைகளில் அதற்கு மேலும் வாழ்கிறது. அதன் இதழ்மேல் தெளிக்கும் நீரால் தண்டுக்குப் பயனில்லை. இதழிடுக்கில் தேங்கிப் பழுப்புப் புள்ளியையும் பூஞ்சணத்தையும் கொண்டுவருவதுதான் மிச்சம்.

வாங்கும்போதே செய்யும் தவறு ஒன்று உண்டு. மொட்டாக வாங்கினால் அதிக நாள் வரும் என்று எல்லாப் பூவுக்கும் ஒரே கணக்குப் போடுகிறோம். அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவத்துக்கு ஏழு பெயர் வைத்த மொழி நம்முடையது; அந்த நுணுக்கம் கடையில் நிற்கும்போது நினைவுக்கு வருவதில்லை. ரோஜாவை வெளியிதழ் ஒன்றிரண்டு தளரத் தொடங்கிய நிலையில் வாங்க வேண்டும். இறுகிய பச்சை மொட்டு பல நேரங்களில் விரியாமலே தலை சாய்ந்துவிடும். ஜெர்பெராவும் செவ்வந்தியும் முழுதாக விரிந்தே வர வேண்டும். ஜெர்பெராவின் நடுவட்டம் முழுவதும் மகரந்தத் தூள் படிந்திருந்தால் அது கிழப்பூ என்று ஒதுக்கிவிடலாம். வெளிவரிசையில் மட்டும் தூள் தெரிவதே சரியான பருவம். சம்பங்கியும் கிளாடியோலஸும் கீழிருந்து மேலாக மலரும் கதிர்ப்பூக்கள் ஆதலால், அடியில் ஓரிரு பூக்கள் விரிந்திருந்தால் போதும். கிளாடியோலஸை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தால், அதன் நுனி ஓர் இரவுக்குள் மேல்நோக்கி வளைந்துவிடும். பின்னர் அந்த வளைவை நிமிர்த்த முடியாது.

அடுத்தது வெட்டு. தண்டுக்குள் நீரை மேலேற்றும் மிக நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. கொய்த கணத்திலிருந்து அவற்றின் அடிவாயில் காற்று புகுந்து அடைத்துக்கொள்கிறது. கடையிலிருந்து வந்த தண்டை அப்படியே சாடியில் செருகுவது அந்த அடைப்போடு செருகுவதாகும். அடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை வெட்டிவிட்டு, வெட்டுவாய் உலர்வதற்குள் நீரில் வைக்க வேண்டும். வாளி நீருக்குள்ளேயே வைத்து வெட்டினால் இன்னும் நல்லது. பால் பாக்கெட் வெட்டும் கத்தரிக்கோல் இதற்கு உதவாது. அது தண்டை வெட்டுவதற்கு முன் நசுக்குகிறது. வெட்டிய முனையைக் கூர்ந்து பார்த்தால் வட்டமாக இருக்க வேண்டிய வாய் பிதுங்கி நீள்வட்டமாகத் தெரியும். மென்தண்டுக்குக் கூரிய கத்தியும், ரோஜாவைப் போன்ற கடினத் தண்டுக்குத் தோட்டத்தில் கவாத்து செய்யும் கத்தரியும் ஏற்றவை. சாய்த்து வெட்டச் சொல்வதற்கு முதன்மையான காரணம், தட்டையாக வெட்டிய தண்டு சாடியின் அடித்தளத்தில் ஒட்டி உட்கார்ந்து தன் வாயைத் தானே மூடிக்கொள்ளும் என்பதுதான். கடினத் தண்டின் அடியைச் சுத்தியலால் தட்டி நைத்துவிடும் பழக்கம் இன்றும் சிலரிடம் இருக்கிறது. நைந்த திசு நீரை உறிஞ்சாமல் அழுகி, பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. கத்தியால் நெடுக்காக ஒரு கீறல் போட்டால் போதும்.

ரோஜா கழுத்தொடிந்து தொங்குவதைப் பார்த்தவுடன் பூ முடிந்துவிட்டது என்று குப்பையில் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது தாகம்தான். அடியை மீண்டும் வெட்டி, பூவும் தண்டுமாக வெதுவெதுப்பான நீரில் அரைமணி முதல் ஒரு மணி நேரம் படுக்கவைத்தால், பழைய பூவாக இல்லாதவரை நிமிர்ந்துவிடும்.

நீரைப் பற்றிய தவறுகளே எண்ணிக்கையில் அதிகம். நீர்மட்டத்துக்குக் கீழே ஓர் இலைகூட இருக்கக்கூடாது. மூழ்கிய இலை இரண்டு நாளில் கரைந்து, பாக்டீரியா பெருகி, தண்டின் வாயில் வழவழப்பான படலமாகப் படிகிறது. சாடியை வெறும் நீரில் அலம்பி அடுத்த பூவை வைப்பதும் பழைய படலத்தைப் புதிய பூவுக்குக் கொடுப்பதே. வெறும் சர்க்கரை போடுவது பூவைவிடப் பாக்டீரியாவுக்குத்தான் ஊட்டம். கடையில் தரும் பூ உணவுப் பொட்டலத்தில் சர்க்கரை, அமிலம், கிருமிக்கொல்லி ஆகிய மூன்றும் சேர்ந்திருக்கும். அதையும் சிக்கனம் கருதி இரண்டு மடங்கு நீரில் கரைத்தால் கிருமிக்கொல்லி வலுவிழந்து சர்க்கரை மட்டும் வேலை செய்யும். வீட்டிலேயே செய்வதானால், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி சர்க்கரை, இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, கால் தேக்கரண்டி ப்ளீச் திரவம் போதுமானது. சாற்றையும் ப்ளீச்சையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்கக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். ஒன்றை நீரில் நன்றாகக் கரைத்த பிறகே மற்றதைச் சேர்க்க வேண்டும். இந்த அமில நீரைப் பித்தளைச் செம்பில் ஊற்றினால் உலோகத்தோடு வினைபுரியும் என்பதால், உள்ளே ஒரு கண்ணாடிக் குவளையை மறைத்து வைத்துக்கொள்வது நல்லது. பூ வாடாதிருக்கச் சாடி நீரில் போடும் செப்புக்காசும் ஆஸ்பிரின் மாத்திரையும் செவிவழி வைத்தியம். அவற்றை நம்பி நீர் மாற்றாமல் இருப்பதுதான் உண்மையான கேடு.

நகரத்து வீடுகளில் புதிதாக ஒரு தவறு சேர்ந்திருக்கிறது. ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வீணாக்க மனமின்றிப் பூச்சாடிக்கு ஊற்றுகிறார்கள். அதில் உப்புகள் செறிந்திருப்பதால் கொய்மலரின் ஆயுள் குறைகிறது. அது தரை துடைக்கத்தான் ஆகும். ஆழ்துளைக் கிணற்று நீருக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுந்திருப்பது தெரிந்ததே. ஜெர்பெராவும் கிளாடியோலஸும் ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவு ஃப்ளூரைடையே தாங்காமல் இதழோரம் கருகும் பூக்கள். அங்குள்ளோர் ஆர்.ஓ. இயந்திரம் வடித்துத் தரும் நல்ல நீரையே ஊற்ற வேண்டும். ஜெர்பெராவுக்கு ஆழமும் ஆகாது. அதன் மெல்லிய மயிர்த்தண்டு மூழ்கிய இடமெல்லாம் அழுகும் என்பதால், நாலு விரல் உயர நீர் போதும்.

பொக்கே கடைகளில் ஸ்பாஞ்ச் என்று சொல்லப்படும், நீரில் நனைத்துத் தண்டுகளைச் செருகி நிறுத்தும் பச்சை நுரைக்கட்டி, ஓயாசிஸ் என்ற வணிகப் பெயரில் 1950-களில் அமெரிக்காவிலிருந்து பரவியது. இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உறவுப்பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய மாலையில், அவசரத்தில் கட்டியை வாளி நீரில் கையால் அமுக்கி நனைத்து, ஜெர்பெராவும் சம்பங்கியுமாக மேடை அலங்காரத்தை முடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் வெளிவட்டத்துப் பூக்கள் நிமிர்ந்தே நிற்க, நடுவில் செருகியவை மட்டும் தலை தொங்கிக் கிடந்தன. கட்டியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தபோது, சுற்றிலும் கரும்பச்சையாக நனைந்திருக்க, நடுவில் கைப்பிடியளவுக்கு வெளிறிய உலர்ந்த தூள் இருந்தது. அமுக்கும்போது வெளிப்புறம் முதலில் நனைந்து உள்ளிருக்கும் காற்றைச் சிறைவைத்துவிடுகிறது. நீரின்மேல் மிதக்கவிட்டால், ஓரிரு நிமிடத்தில் அது தானாகவே குடித்து மூழ்கும். கை வைக்கவே வேண்டியதில்லை. செருகிய தண்டைச் சற்றே வெளியே இழுத்துச் சரிசெய்வதும் தவறு, ஏனெனில் தண்டின் அடியில் காற்றுப்பை உருவாகிவிடும். எடுத்தால் வேறிடத்தில் புதிதாகச் செருக வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய கட்டியை உலர்த்தி வைத்தால் மறுபடி சரியாக நனையாது. காகிதப்பூ, உலர்பூக்களுக்கு என விற்கும் பழுப்புநிறக் கட்டி நீரை உறிஞ்சவே உறிஞ்சாது.

என்னைக் கேட்டால், வீட்டுச் சாடிக்கு ஸ்பாஞ்சே தேவையில்லை. அது மட்காத நெகிழிப் பொருள். நொறுங்கிய துகள் நீரோடு கலந்து மண்ணுக்கும் குளத்துக்கும் போகிறது. சாடியின் வாயில் செல்லோ டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிக் கட்டம் அமைக்கலாம். கோழிவலைக் கம்பியைச் சுருட்டி உள்ளே வைக்கலாம். ஜப்பானியர் இகெபானா என்னும் மலர் அலங்காரக் கலையில் பயன்படுத்தும் கென்சான் என்னும் ஊசித்தட்டை ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் உழைக்கும். ஒருநாள் விழாவுக்கு நம் வாழைத்தண்டே போதும். மரத்தின் அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டித் தட்டில் நிறுத்தி, கூரிய குச்சியால் துளையிட்டுப் பூவைச் செருகினால், அதன் அறைகளில் இருக்கும் நீரே பூவை அன்று வாடாமல் வைத்திருக்கும். அடியில் வாழையிலை விரிக்க மறந்தால் மேசைவிரிப்பில் கறை ஏறும். வாழைக்கறை எளிதில் போகாது.

தண்டுக்குத் தாங்கலாக வைக்கும் பூக்கம்பியைத் தண்டு வெட்டும் கத்தரியாலேயே வெட்டி அதன் கூரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கம்பிக்குத் தனிக் கட்டர் இருக்கட்டும். கம்பியையும் தண்டையும் சேர்த்துச் சுற்றும் பச்சை டேப் ஒட்டவில்லை என்று குறைப்படுவோர் அதை இழுக்காமல் சுற்றுகிறார்கள். இழுத்தால்தான் அதிலுள்ள மெழுகுப் பசை வெளிவரும்.

வடிவத்தில் நேரும் பிழைகளில் பெரியது நெரிசல். இருபது ரோஜாவையும் ஒரே மட்டத்தில் திணித்தால் அது கடைக்கட்டுப் போலத்தான் தெரியும். சாடியின் உயரம் 20 சென்டிமீட்டர் என்றால், விளிம்புக்குமேல் 30 சென்டிமீட்டர் வரை பூ உயரலாம் என்ற ஒன்றரை மடங்குக் கணக்கு தொடக்கத்துக்குப் போதுமானது. முதலில் சம்பங்கி போன்ற நெடும்பூவால் உயரத்தைக் காட்டி, பின்னர் பெரிய பூக்களை வெவ்வேறு மட்டத்தில் வைத்து, இலையாலும் ஜிப்சோஃபிலா போன்ற பொடிப்பூவாலும் கடைசியில் இடைவெளியை நிரப்ப வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பொடிப்பூவுக்குள் பெரிய பூவைத் தேடுகிறார்கள். உணவு மேசையில் எதிரே இருப்பவரின் முகத்தை மறைக்கும் அலங்காரமும், சாம்பாரின் மணத்தையே அடக்கிவிடும் சம்பங்கியும் வேண்டாம்.

மின்விசிறிக்கு நேர்கீழும், சூடாக இருக்கும் ஃப்ரிட்ஜின் மேல்தளமும் சாடிக்கு ஆகாத இடங்கள். பழக்கூடைக்கு அருகிலும் வைக்கக்கூடாது. பழுக்கும் வாழையும் மாம்பழமும் வெளிவிடும் எத்திலீன் வாயுவால் கார்னேஷன் ஓரிரு நாளில் இதழ் சுருண்டு கூம்பிவிடும், ஆர்க்கிடும் அப்படியே. செவ்வந்தி அதைப் பொருட்படுத்துவதில்லை.

அழகுக்காகத் தோட்டத்து அரளியையோ தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளையோ சாடியில் வைப்பவர்கள், இரண்டும் முழுச்செடியும் நச்சுள்ளவை என்பதை மறந்துவிடக்கூடாது. குழந்தைகளுக்கும் வளர்ப்புப் பிராணிகளுக்கும் எட்டாத இடத்தில் வைத்து, வெட்டிய பின் கையைக் கழுவி, அவை நின்ற நீரைச் செம்போடு எங்கும் விட்டுவைக்காமல் உடனே கொட்டிவிட வேண்டும். வாசலில் பூ மிதக்கும் உருளிக்கும் நீர்மாற்றம் முக்கியம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடத் தேடுவது இப்படித் தேங்கிய நல்ல நீரைத்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை நீரை இறைத்து, உருளியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிய பிறகே புதுப்பூ இட வேண்டும், ஏனெனில் முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டியிருக்கும்.