பழைய தையல் மெஷினைச் சீர்செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய தையல் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் கை பரபரக்கும். அழுக்கைப் போக்கி, அந்தக் கறுப்பு உடம்பையும் தங்கப் பூவேலையையும் பளபளவென்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். ஈடுகட்டவே முடியாத சேதம் பெரும்பாலும் அப்போதுதான் நடக்கிறது. பல வருடம் பரணில் கிடந்த மெஷினில் எண்ணெய் பிசினாக இறுகியிருக்கும், மேலாகத் துரு ஏறியிருக்கும், பெல்ட் இற்றுப்போயிருக்கும். இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். தவறான திரவத்தை ஊற்றித் துடைத்து நாம் அழித்த பூவேலையைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

அந்தக் காலத்து இரும்பு மெஷின்களின் மேல்பூச்சு எப்படி அமைந்தது என்று தெரிந்தால் இது புரியும். அடியில் சூளையில் சுட்டுக் கெட்டியாக்கிய கறுப்புப் பூச்சு. அதன்மேல் ஒட்டிய தங்கநிறப் பூவேலை. அதற்கும் மேலே, பூவேலையைக் காக்க ஒரு மெல்லிய ஒளிபுகும் வார்னிஷ். பல மெஷின்களில் அது அரக்கு. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஆகவே ஸ்பிரிட், கை கழுவும் சானிடைசர், தின்னர், அம்மோனியா கலந்த கண்ணாடி துடைப்பான் எதுவும் இதன் பக்கமே வரக்கூடாது. மேலே இருந்த வார்னிஷ் கரைந்துபோனால் தங்க எழுத்து வெள்ளிபோல வெளுத்துவிடும், இன்னும் இரண்டு முறை தேய்த்தால் எழுத்தே இருக்காது. சோப்புத் தண்ணீரும் அவ்வளவு நல்லதல்ல. பழைய பூச்சில் மயிரிழை விரிசல்கள் இருக்கும், நீர் அவற்றின் வழியாக உள்ளே இறங்கி அடியிலிருந்து துருவைக் கிளப்பும்.

அப்படியென்றால் எதைக் கொண்டு துடைப்பது? தெளிவான தையல் மெஷின் ஆயில் போதும். முதலில் பார்வையில் படாத இடத்தில், மெஷினின் கைப்பகுதிக்கு அடியில், பஞ்சுக்குச்சியில் ஒரு சொட்டு எடுத்துச் சோதிக்க வேண்டும். பஞ்சை அழுத்தித் தேய்க்காமல், உருட்டியபடி நகர்த்துங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் ஏறினால் அது பெரும்பாலும் புகையும் பழைய எண்ணெயும்தான். தங்கத் துணுக்கோ கறுப்போ ஏறினால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள். ஒரே நாளில் முடிக்க நினைக்காமல், எண்ணெயைத் தடவி ஒரு இரவு ஊறவிட்டு மறுநாள் மென்மையான துணியால் ஒற்றியெடுத்தால் அழுக்கு தானாகவே கிளம்பும். முழுதாகப் போகாவிட்டாலும் பரவாயில்லை. கொஞ்சம் மங்கலாக, ஆனால் முழுப் பூவேலையோடு இருக்கும் மெஷினுக்கு முன்னால், பூவேலை போய்ப் பளபளக்கும் மெஷின் எனக்கு ஒன்றுமே இல்லை. இதே காரணத்தால்தான் முழுவதும் சுரண்டி மறுபடி பெயின்ட் அடிப்பதையும் வேண்டாம் என்கிறேன். பூச்சு ஏற்கெனவே உரிந்துபோய் இரும்பு தெரிகிற மெஷினுக்கு மட்டும் அது சரி.

இறுகிப்போன மெஷினை வலுவாகத் திருப்புவது

வீல் அசையவில்லை என்றதும் இரண்டு கையாலும் பிடித்து முறுக்குவார்கள், சிலர் சுத்தியலை எடுப்பார்கள். வார்ப்பிரும்பு வளையாது, விரிசல் விடும். வீலின் ஆரம் உடைந்து வந்தால் அப்புறம் அதே மாடல் வீலைத் தேடி அலைய வேண்டியதுதான்.

இறுகிய மெஷின் பெரும்பாலும் உடைந்த மெஷின் அல்ல. பழைய எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருக்கும், அல்லது பாபின் கேஸுக்குப் பின்னால், ஊசி நூலைப் பிடிக்கும் கொக்கி சுழலும் இடத்தில் நூல் சுற்றிக் கெட்டியாகியிருக்கும். முதலில் டார்ச் அடித்து அந்த நூலைத் தேடுங்கள். ஊசியின் முனையால் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெட்டியெடுத்தாலே பல மெஷின்கள் ஓடத் தொடங்கிவிடும். அதிலும் அசையாவிட்டால், ஹேர் டிரையரால் லேசாகச் சூடுகாட்டி, பிறகு இரும்போடு இரும்பு உரசும் ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, வீலை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். சூடுகாட்டுவது மண்ணெண்ணெய் விடுவதற்கு முன்னால் இருக்கட்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது தீ ஆபத்து. இன்று அசையாதது நாளைக்கோ, நாலாம் நாளோ அசையும்.

மண்ணெண்ணெய் விட்டவர்கள் அடுத்து மறப்பது ஒன்று உண்டு. அது பிசினைக் கரைக்கும்போது இருக்கிற மசகையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடும். மெஷின் லேசாக ஓடுகிறதே என்று அப்படியே தைத்தால் உலோகம் நேரடியாக உலோகத்தோடு தேயும். துடைத்துவிட்டு எல்லா மூட்டுக்கும் மெஷின் ஆயில் விட்டாக வேண்டும். துரு நீக்கும் ஸ்பிரேயை ஆயிலுக்குப் பதிலாக அடிப்பதும், சமையல் எண்ணெய் விடுவதும் கூடாது. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எல்லாம் முதல் வாரம் மெஷினை வழுக்கிக்கொண்டு ஓடவிடும், பிறகு காய்ந்து நீங்கள் கஷ்டப்பட்டு எடுத்த அதே பிசினாகும்.

ஆயில் விடக்கூடாத இடங்களும் இருக்கின்றன. நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகளுக்கு நடுவில் விட்டால் நூல் கறைபடும். பெல்ட்டிலும், பாபின் சுற்றும் ரப்பர் வளையத்திலும் பட்டால் வழுக்கும். சிங்கர் 201-ன் சில வகைகளில் மெஷினோடு சேர்ந்தே வரும் கியர் மோட்டார் இருக்கிறது. அதன் துளைகள் கிரீஸுக்கானவை. அதில் எண்ணெய் விட்டால் உள்ளே கசிந்து மோட்டாரைக் கெடுத்துவிடும்.

தேவையில்லாமல் கழற்றுவது

தையல் விட்டுவிட்டு விழுகிறது, உடனே டைமிங் (ஊசியும் கொக்கியும் சரியான நொடியில் சந்திக்கும் கணக்கு) போய்விட்டது என்று முடிவுகட்டி ஊசித்தண்டின் ஸ்குருவைத் தளர்த்துவார்கள். பத்தில் ஒன்பது முறை டைமிங் சரியாகவே இருக்கும் என்றே சொல்வேன், ஏனென்றால் இந்த ஸ்குருக்கள் தாமாகத் தளர்வது அரிது. குற்றவாளி பெரும்பாலும் ஊசிதான்.

ஊசியைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் நெடுக ஒரு பள்ளம் ஓடும், நகத்தை வைத்து இழுத்தால் தெரியும். நூல் கோக்க வேண்டியது அந்தப் பக்கத்திலிருந்து. எதிர்ப்பக்கத்தில், காதுக்குச் சற்று மேலே, சின்னதாகச் செதுக்கிய குழிவு இருக்கும். அது கொக்கியைப் பார்த்து இருக்க வேண்டும். இன்றைய வீட்டு மெஷின்களில் ஊசியின் மேல்முனையில் உள்ள தட்டைப் பக்கம் பெரும்பாலும் பின்னால் போகும், அந்தப் பழக்கத்தில் பழைய மெஷினிலும் அப்படியே மாட்டிவிடுகிறார்கள். கொக்கி பக்கவாட்டில் இருக்கும் மெஷினில் தட்டைப் பக்கமும் பக்கவாட்டில்தான் போகும். ஊசி தப்பாக இருக்கிறவரை நீங்கள் எதைத் திருகினாலும் தையல் விழாது.

எந்த ஊசி என்பதும் முக்கியம். இன்று எங்கும் கிடைக்கும் 15×1 ஊசி பெரும்பாலான பழைய சிங்கர்களுக்குப் பொருந்தும். சிங்கர் 306-க்கு உரியது அதைவிடக் குட்டையான 206×13. நீளமானதை மாட்டினால் உள்ளே இடித்துக் கொக்கிப் பகுதியில் தழும்பு விழும். பாபினும் இப்படித்தான். 15-ஆம் வகை பாபினின் இரண்டு முகமும் தட்டை, 66-ஆம் வகையில் முகம் லேசாக வளைந்திருக்கும். எட்டி நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். 1933-ல் வந்த சிங்கர் 221-க்கு இவை இரண்டுமே ஆகாது, அதற்குத் தனி பாபின்.

கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒவ்வொரு அடிக்கும் படம் எடுங்கள். சிங்கரின் ஸ்குருக்கள் பல பொதுவான மரை அளவில் இல்லை, தொலைத்தால் கடையில் வாங்கிப் போட முடியாது. ஸ்குரு டிரைவரின் நுனி பள்ளத்தின் அகலம் முழுவதையும் நிரப்ப வேண்டும். சின்ன நுனியால் திருகித் தலையைச் சிதைத்த ஸ்குருவை எடுப்பது பெரிய வேலை.

வீலுக்குள் இருக்கும் வாஷரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாபின் சுற்றும்போது ஊசி நிற்பதற்காக, வீலின் நடுவில் ஒரு பெரிய குமிழ் ஸ்குரு இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே, உள்விளிம்பில் இரண்டு நாக்கும் வெளிவிளிம்பில் மூன்று காதும் கொண்ட வாஷர் வரும். சுத்தம் செய்துவிட்டு ஏதோ ஒரு திசையில் மாட்டிவிடுவார்கள். பிறகு குமிழை எவ்வளவு முறுக்கினாலும் வீல் மட்டும் சுற்றும், ஊசி அசையாது, அல்லது தளர்த்தினாலும் ஊசி நிற்காது. மெஷினே போய்விட்டது என்று மூலையில் போட்டவர்கள் உண்டு. வாஷரை எடுத்து அரைச்சுற்று திருப்பி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

டென்ஷனைச் சோதிக்கும்போது துணியை அழுத்தும் பாதம் கீழே இருக்க வேண்டும், தூக்கியிருந்தால் தட்டுகள் திறந்தே இருக்கும். கீழே இறக்கியும் நூல் தளர்வாக வந்தால், தட்டுகளுக்கு நடுவில் பஞ்சுத்தூசி சிக்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதத்தைத் தூக்கிவிட்டு ஒரு துணி விளிம்பை உள்ளே விட்டு இழுத்தால் வந்துவிடும். கழற்ற வேண்டியதே இல்லை.

கால் மெஷின் கனமாக மிதிபட்டால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் குறை மேலே இல்லை, கீழே ஸ்டாண்டில் அல்லது அளவுக்குமேல் இறுக்கிய பெல்ட்டில். இதைப் பார்க்காமல் மெஷினைப் பிரிப்பவர்கள் நிறைய.

மின்சாரம்

இதில் மட்டும் சோதனை முயற்சி கூடாது. ஓடுகிறதா பார்ப்போம் என்று பழைய மோட்டாரை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். அந்தக் கால வயர்களின் ரப்பர் உறை காய்ந்து, மடக்கினால் பொடியாக உதிரும். உடம்பு முழுக்க இரும்பு, பலவற்றில் எர்த் இணைப்பே கிடையாது. அடுத்தது வோல்ட். மோட்டாரிலும் விளக்கிலும் உள்ள தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட்டுக்குச் செய்ததை 220-ல் செருகினால் மோட்டார் கருகும். வயரிங் தெரியாதவர் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுவதே சரி. மோட்டார் தேறாவிட்டால், அதைத் தாங்கும் இரும்பு மேடை மெஷினில் இருந்து, வீலும் ஆரங்கள் கொண்டதாக இருந்தால், கைப்பிடி பொருத்திக் கை மெஷினாக ஓட்டலாம். எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

வாங்கும்போது

பழையது என்றால் அரியது என்ற எண்ணம்தான் இங்கே முதல் தவறு. ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கர் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மட்டும் 1913-ல் 13 லட்சத்துக்கும் மேல் மெஷின்கள் வெளியே போயின. நூறு வயதான சிங்கர் அழகானது, உழைப்பது, ஆனால் அநேகமாக அபூர்வமானது அல்ல. அபூர்வம் என்று சொல்லி விலை ஏற்றினால் தயங்காமல் விலகுங்கள்.

தகட்டில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியைத் தயாரித்த வருடம் என்று எடுத்துக்கொள்வது இன்னொன்று. 1886 என்று பொறித்த மெஷின் 1910-ல் செய்ததாக இருக்கலாம். சிங்கரில் பார்க்க வேண்டியது அடித்தளத்தில் உள்ள வரிசை எண்ணை. 1900-க்குப் பிந்தையவற்றில் எண்ணுக்கு முன்னால் எழுத்தும் இருக்கும். அதிலும் சிங்கர் வரிசை எண்களின் பட்டியல் சொல்வது அந்த எண்கள் தொழிற்சாலைக்கு ஒதுக்கப்பட்ட தேதியைத்தான்.

பழையது எல்லாம் முழு இரும்பு என்றும் நம்ப வேண்டாம். 1960-களின் நடுவிலிருந்து பல மெஷின்களுக்குள் நைலான் கியர்கள் வந்துவிட்டன. வெளியே கனமாக இருக்கும், உள்ளே கியர் வெடித்திருக்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். கீழ்நூலைச் சுமக்கும் படகு வடிவ ஷட்டில் ஓடும் பழைய மாடலாக இருந்தால், அந்த ஷட்டிலும் நீள பாபினும் உள்ளே இருக்கின்றனவா என்று தகட்டை நகர்த்திப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. அவை இல்லாமல் மெஷின் ஒரு தையலும் போடாது.

மேசையோடு தூக்கிவருவதிலும் விபத்து நடக்கிறது. தலைப்பகுதி பின்பக்கத்தில் இரண்டு கீல் முனைகளில் மட்டுமே உட்கார்ந்திருக்கும். அங்குள்ள சின்ன ஸ்குருக்கள் தளர்ந்திருந்தால், மேசையைச் சாய்த்ததும் தலை கழன்று காலில் விழும். தலையைத் தனியாகக் கழற்றி, தனியாகச் சுமந்து வருவதே நல்லது.

சேர்க்கும் ஆர்வத்தில் ஒன்றை முடிக்காமல் அடுத்ததைப் பிரிக்க வேண்டாம். இரண்டு மெஷினின் பாகங்கள் ஒரே டப்பாவில் கலந்தால் இரண்டும் ஓடாது. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைக் காயலானாக்கும் முன் அதன் வரிசை எண்ணைத் தேடிப் பாருங்கள், அரியது அதுவாகவே இருக்கலாம்.

சீர்செய்த மெஷினை பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கித் துரு ஏறும். பருத்தித் துணியால் மூடி, பாதத்துக்கு அடியில் ஒரு துணித்துண்டு வைத்து, மாதம் ஒருமுறையாவது மூட்டுகளுக்கு ஆயில் விட்டு நாலு வரி தைத்துவிடுங்கள்.