புடாபெஸ்ட் வெந்நீர்க் குளியல்: முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டுக்கு இரண்டு மூன்று நாள் பயணமாகப் போகிறவர்கள் பாராளுமன்றம், கோட்டை, டான்யூப் படகு என்று ஓடிவிட்டு, கடைசி மதியம் மிச்சமிருக்கும் ஒரு மணி நேரத்தை வெந்நீர்க் குளத்துக்கு ஒதுக்குவார்கள். அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம். டிக்கெட் விலை கொஞ்சநஞ்சமில்லை. உடை மாற்றி, வழி கண்டுபிடித்து, முதல் குளத்தில் கால் வைப்பதற்குள்ளேயே அரை மணி ஓடிவிடும். அரை நாள் ஒதுக்குங்கள். ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்றதெல்லாம் கீழே.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு போனால் நன்றாக இருக்கும், அதனால் சுருக்கமாக. டான்யூபின் மேற்குக் கரையில் இருக்கும் புடா மலைகள் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் ஆனவை. மழைநீர் அந்தப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி, ஆழத்தில் சூடாகி, ஆற்றை ஒட்டி ஓடும் பிளவின் வழியாக மேலே வருகிறது. ஹங்கேரிக்கு அடியில் பூமியின் மேலோடு மெல்லியது. அதனால் மற்ற இடங்களைவிடக் குறைந்த ஆழத்திலேயே சூடு கிடைத்துவிடுகிறது. ரோமானியர்கள் இங்கே அக்விங்கும் என்ற நகரத்தைக் கட்டிக் குளித்தார்கள். 1541 முதல் 1686 வரை புடாவை ஆண்ட துருக்கியர்கள் குவிமாடம் வைத்துக் கட்டிய குளியல் கூடங்களில் இன்றும் குளிக்கலாம்.

படி 1: எங்கே போவது என்று முடிவு செய்யுங்கள்

இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இணையத்தில் பார்க்கும் மஞ்சள் மாளிகைப் படம் எல்லாம் ஒரே இடம்தான்: சேச்செனி. நகரத்தில் வேறு குளியல் கூடங்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

சேச்செனி பெஸ்ட் பக்கம், அதாவது டான்யூபின் கிழக்குக் கரையில், நகரப் பூங்காவுக்குள் இருக்கிறது. 1913-இல் திறந்தார்கள்; வெளிக்குளங்கள் 1927-இல் சேர்ந்தன. இங்கே தண்ணீர் தானாக வரவில்லை, தோண்டி எடுத்தது. வில்மோஷ் ஜிக்மொந்தி என்ற சுரங்கப் பொறியாளர் 1868-இல் துளையிடத் தொடங்கி, பத்து வருடம் விடாமல் தோண்டி, 970 மீட்டரில் 74 டிகிரி தண்ணீரைக் கண்டார். 1938-இல் இன்னும் ஆழமான இரண்டாவது கிணறு வந்தது, அதில் 77 டிகிரி. இன்று மொத்தம் 18 குளங்கள், அதில் மூன்று திறந்தவெளியில். நெஞ்சளவு தண்ணீரில் நின்றபடி சதுரங்கம் ஆடும் பெரியவர்களைப் பார்க்க வேண்டுமென்றால் இதுதான் இடம். கூட்டமும் இங்கேதான்.

ருடாஷ் புடா பக்கம், எலிசபெத் பாலத்தின் அடியில். 16-ஆம் நூற்றாண்டில், புடாவின் துருக்கிய ஆளுநர் சொகொல்லு முஸ்தஃபா பாஷா காலத்தில் கட்டியது. எட்டுத் தூண்கள், அவற்றின் மேல் ஒரு குவிமாடம், நடுவில் எண்கோணக் குளம். தூண்களில் ஒன்று மட்டும் பச்சை. துருக்கியர் காலத்தில் பச்சைத் தூண் குளியல் என்றே இதற்குப் பெயர். குவிமாடத்தில் துளைகள் போட்டு வண்ணக் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். வெயில் நாளில் அந்த ஒளிக்கீற்றுகள் ஆவிக்குள் சாய்வாக இறங்கித் தண்ணீரில் பொட்டுப் பொட்டாக விழும். இதே வளாகத்தில் தனியாக நீச்சல் குளமும், மொட்டை மாடியில் டான்யூபைப் பார்த்தபடி உட்காரும் வெந்நீர்த் தொட்டியும் உண்டு.

லுக்காச் உள்ளூர்க்காரர்கள் போகும் இடம். மார்கரெட் பாலத்தின் புடா முனைக்குப் பக்கத்தில். அலங்காரம் குறைவு. முற்றத்துச் சுவரில், இங்கே குளித்து நோய் தீர்ந்தவர்கள் நன்றி சொல்லிப் பதித்த கல்வெட்டுப் பலகைகள் வரிசையாக இருக்கும். பல மொழிகளில், பழைய ஆண்டுகளோடு. ஆஸ்பத்திரி வாசனை லேசாக அடிக்கும் இடம் என்றாலும் எனக்குப் பிடிக்கும். பக்கத்திலேயே வேலி பே என்ற இன்னொரு துருக்கியக் கூடம் இருக்கிறது. அளவில் சின்னது, அமைதியானது.

ஒரு எச்சரிக்கை: பழைய பயணக் கட்டுரைகளை நம்பி கெல்லேர்த் குளியலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். 1918-இல் திறந்த அந்த அழகான கட்டடத்தை 2025 அக்டோபரில் பெரிய புதுப்பிப்புக்காக மூடிவிட்டார்கள். 2028 வரை வேலை என்று அறிவித்திருக்கிறார்கள். துருக்கியர் கட்டிய கிராய் குளியலும் 2020 முதல் மூடியே கிடக்கிறது.

என்னைக் கேட்டால், படத்துக்காகவும் நண்பர் பட்டாளத்தோடும் போகிறவர்கள் சேச்செனி போகட்டும். தண்ணீருக்காகப் போகிறவர்கள் ருடாஷ்.

படி 2: நாள், நேரம், டிக்கெட்

ருடாஷின் துருக்கியப் பகுதியில் ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்கு மட்டும், இருபாலரும் சேர்ந்து என்று தனித்தனி நேரங்கள் உண்டு. இந்த அட்டவணையை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஜோடியாகப் போகிறவர்கள் அவர்களுடைய தளத்தில் அந்த வாரத்து அட்டவணையைப் பார்த்துவிட்டே நாளை முடிவு செய்யுங்கள். சேச்செனியிலும் லுக்காச்சிலும் எல்லா நாளும் எல்லாரும் ஒன்றாகவே போகலாம்.

வார நாளில், திறந்தவுடன் போவதே உத்தமம். பத்து மணிக்கு மேல் சேச்செனியின் வெளிக்குளம் கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஆகிவிடும். குளிர்காலக் காலை இன்னும் நல்லது: வெளியே பூஜ்ஜியம் டிகிரி, தண்ணீர் 38, எதிரில் இருப்பவர் முகம் தெரியாத அளவுக்கு ஆவி.

டிக்கெட் இரண்டு வகை. லாக்கர் என்றால் பொது உடைமாற்றும் அறையில் ஒரு அலமாரி. கேபின் என்றால் கதவு சாத்திக்கொண்டு உடை மாற்றும் சிறு அறை; உங்கள் பொருள்களும் அதிலேயே இருக்கும். விலை வித்தியாசம் பெரிதில்லை. முதல் தடவை போகிறவர்கள், அதிலும் பொது இடத்தில் உடை மாற்றிப் பழக்கமில்லாதவர்கள், யோசிக்காமல் கேபின் வாங்குங்கள். இருவர் சேர்ந்து ஒரே கேபினைப் பகிர்ந்துகொள்ளலாமா என்று கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். சேச்செனியில் ஒரு நாள் டிக்கெட் பத்தாயிரம் ஃபோரிண்டைத் தாண்டும். வார இறுதியில் இன்னும் ஏறும். லுக்காச் அதைவிட மலிவு.

குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க: 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தத் தாதுநீர் ஏற்றதல்ல என்பது பொதுவான விதி. சில இடங்களில் உள்ளேயே விடுவதில்லை. டிக்கெட் வாங்கும் முன் விசாரித்துவிடுங்கள்.

படி 3: பையில் என்ன இருக்க வேண்டும்

நீச்சலுடை, துண்டு, ரப்பர் செருப்பு, தண்ணீர் பாட்டில், ஈர உடைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. நீச்சல் குளத்தில் இறங்குவதாக இருந்தால் நீச்சல் தொப்பியும் வேண்டும், அது கட்டாயம். வெந்நீர்க் குளங்களுக்குத் தொப்பி தேவையில்லை. எல்லாமே அங்கே விலைக்கோ வாடகைக்கோ கிடைக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும்.

உடை விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பனியன், பருத்தி அரைக்கால் சட்டை, சுடிதாரோடு இறங்க விடமாட்டார்கள். உடலை அதிகம் மறைக்க விரும்புகிறவர்கள், நீச்சலுக்கென்றே நெய்த துணியில் முழங்கால் வரை வரும் உடையும் கையுள்ள மேலுடையும் வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே எல்லா வயதுக்காரர்களும் எல்லா உடல்வாகிலும் சாதாரணமாக நடமாடுவார்கள். யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை. பத்து நிமிடத்தில் கூச்சம் போய்விடும்.

ருடாஷில் ஆண்களுக்கு மட்டுமான நேரத்தில் பழைய வழக்கப்படி கொத்தேன் என்ற ஒரு வெள்ளைத் துணியைத் தருவார்கள். இடுப்பில் கயிற்றால் கட்டிக்கொள்ள வேண்டும். முன்பக்கம் மட்டும்தான் மறையும். சங்கடமாக இருந்தால் நீச்சலுடையிலேயே போகலாம்.

வெள்ளிக் கொலுசு, மோதிரம், அரைஞாண் இருந்தால் கழற்றி அறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். தண்ணீரில் கந்தகச் சத்து உண்டு, வெள்ளி கறுத்துவிடும்.

படி 4: போய்ச் சேருவது

சேச்செனிக்கு மெட்ரோ 1, மஞ்சள் தடம். 1896-இல் திறந்த இந்த ரயில் ஐரோப்பியக் கண்டத்தின் முதல் சுரங்க மின்ரயில். நிலையங்கள் தெருவுக்கு ஒரு மாடி கீழேதான். இங்கே ஒரு சின்ன விஷயம்: பழைய நிலையங்களில் ஒரு நடைமேடையிலிருந்து எதிர் நடைமேடைக்குக் கீழேயே கடந்து போக முடியாது. தெருவின் எந்தப் பக்கப் படியில் இறங்குகிறீர்களோ அந்தத் திசை ரயில்தான் கிடைக்கும். கடைசி நிலையமான மெக்சிகோய் ஊத் பெயர் போட்டிருக்கும் பக்கம் இறங்குங்கள். அதற்கு முந்தைய நிறுத்தத்தின் பெயரே சேச்செனி குளியல். காகித டிக்கெட் வைத்திருந்தால் இறங்கும் வழியில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த மறக்காதீர்கள். பரிசோதகர்கள் சுற்றுலாப் பயணி என்று சலுகை காட்டமாட்டார்கள்.

ருடாஷுக்கும் லுக்காச்சுக்கும் புடா கரையை ஒட்டி ஓடும் 19 அல்லது 41 எண் டிராம் போதும்.

படி 5: உள்ளே நுழைந்ததும்

கைக்கடிகாரம் மாதிரி ஒரு பட்டை தருவார்கள். வாயிலைத் திறப்பதும் லாக்கரைப் பூட்டுவதும் அதுதான். மணிக்கட்டில் கட்டிவிடுங்கள், பையில் போடாதீர்கள். லாக்கரோ கேபினோ, எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நீளமான நடைபாதையில் ஒரே மாதிரி கதவுகள் வரிசையாக இருக்கும். திரும்பி வரும்போது எது நம்முடையது என்று தலை சுற்றும். உடைமாற்றும் அறைப் பலகையில் F எழுத்தில் தொடங்கும் சொல் ஆண்களுக்கு, N எழுத்தில் தொடங்குவது பெண்களுக்கு.

அப்புறம் ஷவர். சோப்புப் போட்டுக் குளித்துவிட்டே குளத்தில் இறங்க வேண்டும். தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போகவே கூடாது.

படி 6: எந்தக் குளத்திலிருந்து தொடங்குவது

பலர் நேராக இருப்பதிலேயே சூடான குளத்துக்குப் போய், முக்கால் மணி நேரம் ஊறி, தலைசுற்றலோடு வெளியே வருவார்கள். வேண்டாம். ஒவ்வொரு குளத்தின் பக்கத்திலும் வெப்பநிலையை எழுதியிருப்பார்கள். அந்த எண்தான் உங்கள் வழிகாட்டி.

ருடாஷை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைகளில் 28, 30, 33, 42 டிகிரிக் குளங்கள், நடுவில் 36. முதலில் 33-இல் ஐந்து நிமிடம். பிறகு நடுக்குளத்தில் கால் மணி நேரம். குவிமாடத்தைப் பார்த்தபடி சும்மா உட்காருங்கள். உடல் பழகியபின் 42-க்குப் போங்கள். படியில் உட்கார்ந்து முதலில் முழங்கால் வரை, பிறகு இடுப்பு, பிறகு கழுத்து. உள்ளே போனபின் கையைக் காலை ஆட்டாதீர்கள். அசைந்தால் தோலை ஒட்டிய தண்ணீர் விலகிப் புதுச் சூடு வந்து சுடும். சும்மா இருந்தால் தாங்கும். பழக்கப்பட்ட கிழவர்கள் சிலைபோல் உட்கார்ந்திருப்பதன் ரகசியம் இதுதான். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வெளியே வரும்போது கழுத்துக்குக் கீழே கோடு கிழித்த மாதிரி சிவந்திருக்கும், பயப்படாதீர்கள்.

அங்கிருந்து குளிர்நீர்த் தொட்டி, சுமார் 16 டிகிரி. ஒரே முங்கு, பத்து நொடி, வெளியே. இதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருப்பவர்கள் இந்தத் தாவலையும் 42-ஐயும் விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். மற்றவர்கள், குளிர்நீருக்குப் பிறகு கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று போகலாம். மூன்றாவதற்கு உடம்பே வேண்டாம் என்று சொல்லிவிடும்.

சேச்செனியில் இந்த வரிசையை அப்படியே பின்பற்ற முடியாது, இடம் பெரிது. வெளியே நடுவில் நீச்சல் குளம். அதன் ஒரு பக்கம் 38 டிகிரிக் குளம், மறுபக்கம் வட்டமாகச் சுழன்று ஆளை இழுத்துக்கொண்டு போகும் நீரோட்டம் உள்ள குளம். பெரும்பாலானோர் இந்த மூன்றோடு திரும்பிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சிறு குளங்களை விட்டுவிடாதீர்கள். பச்சை கலந்த நிறத்தில், கந்தக வாடையோடு இருப்பவற்றில்தான் தாதுச் சத்து அதிகம்.

எங்கே போனாலும் குவிமாடத்துக்குக் கீழே குரலைத் தாழ்த்துங்கள். ருடாஷில் ஒருவர் பேசினால் கூடம் முழுக்க எதிரொலிக்கும். படம் எடுப்பதையும் அங்கே தவிர்த்துவிடுங்கள்.

படி 7: வெளியே வந்தபின்

கடைசியில் நல்ல தண்ணீரில் லேசாக அலசிக்கொள்ளுங்கள். தலைமுடியை நன்றாக உலர்த்தாமல் குளிர்காலத்தில் வெளியே போகாதீர்கள். கைப்பட்டையைத் திருப்பிக் கொடுத்தால்தான் வெளி வாயில் திறக்கும்.

ருடாஷுக்குப் போனவர்கள் பாலத்துக்கு அடியில் உள்ள குடிநீர்க் கூடம் திறந்திருந்தால் எட்டிப் பாருங்கள். ஊற்றுநீரைக் குவளையில் தருவார்கள். வெதுவெதுப்பாக, வேகவைத்த முட்டை வாடையோடு இருக்கும். ஒரு குவளை போதும்.

பசி பிடுங்கும். லாங்கோஷ் சாப்பிடுங்கள்: பொரித்த பெரிய மாவு ரொட்டி, மேலே பூண்டு, புளித்த கிரீம், துருவிய சீஸ். சைவம்தான், ஆனால் சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் பொரிப்பதுண்டு. எண்ணெயா கொழுப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். அன்று மாலை வேறு திட்டம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், தூக்கம் கண்ணைச் சொருகும்.