ஸ்போர்ட்ஸ் காருக்கு நல்ல குரல்: ஏற்காடு ரோட்டிலும் ஓமலூர் ரோட்டிலும் கேட்டுப் பார்த்து சைலன்சர் மாற்றுவது எப்படி

சைலன்சரை மாற்றலாம் என்று மனதில் பட்டவுடனே பாகம் தேட ஆரம்பிக்காதீர்கள். முதலில் காரை எடுத்துக்கொண்டு இரண்டு ரோட்டில் போய் வாருங்கள். ஒன்று, சேலத்தில் மலை அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுப் பாதை. இன்னொன்று, ஓமலூர் தாண்டி தொப்பூர் பக்கம் போகும் பெங்களூரு நெடுஞ்சாலை. மலையில் இரண்டாவது கியரில் எஞ்சின் சுற்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், ஒரு பக்கம் பாறைச் சுவர் நிற்பதால் சத்தம் திரும்பி வந்து காதில் விழும், காரின் குரல் எப்படிப்பட்டது என்று அங்கேதான் தெரியும். நெடுஞ்சாலையிலோ எஞ்சின் ஒரே சுற்றில் அரை மணி நேரம் ஓடும். மலையில் சொக்க வைத்த அதே சைலன்சர் இங்கே தலைவலியாக மாறும். ஜன்னலை மூடிக்கொண்டு இரண்டு பயணத்தையும் போனில் பதிவு செய்து வையுங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க அது மட்டும்தான் துணை.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். என்னுடையது ஆறு சிலிண்டர், இரண்டு சீட் கார். முதல் முறை நேர்க்குழாய் சைலன்சர் போட்டுக்கொண்டு ஏற்காடு ஏறினேன், வளைவுக்கு வளைவு அது எழுப்பிய குரலில் மயங்கிப்போனேன். அடுத்த ஞாயிறு தர்மபுரிக்குக் கிளம்பினோம். தொப்பூர் வருவதற்குள், "வண்டிய ஓரமா நிறுத்துங்க, காது அடைக்குது" என்றாள் மனைவி. அவள் சொன்னது நியாயம்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 2,200 சுற்றைத் தொட்டதும் காருக்குள் 'கும்' என்று ஓர் அழுத்தம், பேசினால் பேச்சே கேட்காது.

இதற்குக் கணக்கு இருக்கிறது. நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். ஆறு சிலிண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு மூன்று வெடிப்பு. நிமிடத்துக்கு 2,200 சுற்று என்றால் நொடிக்கு 110 வெடிப்பு, அதாவது 110 ஹெர்ட்ஸ். நான்கு சிலிண்டர் காரில் 3,000 சுற்றுக்கு 100 ஹெர்ட்ஸ் வரும். காருக்குள் அடைபட்ட காற்றும் மேல்தகடும் ஏறக்குறைய இந்த அலைவரிசையில் கூடவே அதிரும்போதுதான் அந்த 'கும்'. உங்கள் காரில் அது எந்தச் சுற்றில் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மற்ற வேலையெல்லாம் அந்த எண்ணை வைத்துத்தான்.

சரி, காருக்கு அடியில் என்ன இருக்கிறது? எஞ்சினிலிருந்து மேனிஃபோல்ட் (எல்லாச் சிலிண்டரின் புகையையும் ஒன்றாகச் சேர்க்கும் குழாய்), அடுத்து கேட்டலிடிக் கன்வெர்ட்டர், அதற்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார், அப்புறம் நடுவில் ரெசொனேட்டர், கடைசியில் பெரிய சைலன்சர். கன்வெர்ட்டரில் கை வைக்கவே கூடாது. பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய அந்தத் தேன்கூடுதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோலையும் சுத்தம் செய்கிறது. அதைக் கழற்றினால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், புகைச் சோதனையில் தேறாது, சத்தமும் கரகரவென்று தகரம் உரசுவது போலாகிவிடும். ரெசொனேட்டரையும் உடனே வெட்ட வேண்டாம். காது கூசும் உயர்ந்த கீச்சொலியை அடக்குவது அதுதான். முதல் மாற்றம் கடைசி சைலன்சரில் மட்டும் இருக்கட்டும். அதுவே போதும் என்று பலருக்குத் தோன்றிவிடும்.

சைலன்சரில் இரண்டு வகை உண்டு. அறை வகையில் தடுப்புத் தகடுகள் இருக்கும், ஒலி அவற்றில் மோதித் தன்னைத்தானே தின்றுகொள்ளும், குரல் கனமாக வரும். நேர்க்குழாய் வகையில் துளையிட்ட குழாயைச் சுற்றி நார் அடைத்திருக்கும், வாயு தடையில்லாமல் போகும், குரல் தெளிவாகவும் கூராகவும் வரும். ஆறு சிலிண்டருக்கு நேர்க்குழாய் வகை அருமையாக ஒத்துப்போகும். ஆனால் நீளமான, வயிறு பெரிய பெட்டியாகப் பாருங்கள். குட்டையானதை வாங்கினால் சத்தம் மட்டும்தான் மிஞ்சும். டர்போ (வெளியேறும் வாயுவால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) உள்ள காரில் அதன் டர்பைனே பாதி ஒலியை விழுங்கிவிடுவதால் கொஞ்சம் திறந்த சைலன்சர் போட்டாலும் தாங்கும். டர்போ இல்லாத காரில் குழாய் விட்டத்தை மனம் போனபடி கூட்டாதீர்கள். வாயுவின் வேகம் குறைந்து, கீழ்ச் சுற்றில் இழுவை போய்விடும். ஏற்காட்டு வளைவிலிருந்து வெளியே வரும்போது தேவைப்படுவதே அந்தக் கீழ்ச்சுற்று இழுவைதான். கம்பெனி கொடுத்த விட்டத்தை விட கால் அங்குலம் கூடினால் போதும்.

அந்த 'கும்' சத்தத்துக்கு மருந்து, பக்கவாட்டில் ஒரு முட்டுக்குழாய். பிரதானக் குழாயிலிருந்து ஒரு கிளை பிரிந்து, கொஞ்ச தூரம் போய், முனை அடைபட்டு நிற்கும். உள்ளே போன ஒலி அலை அடைத்த முனையில் மோதித் திரும்பி வரும்போது நேர் எதிர்க்கட்டத்தில், அதாவது மேடு இருக்கும் இடத்தில் பள்ளமாக வந்து, அதே அலைவரிசையைக் கரைத்துவிடும். நீளம் அந்த ஒலி அலையின் நீளத்தில் கால் பங்கு. வெளியே 20 டிகிரியில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் போகும், 300 டிகிரி சூட்டு வாயுவில் ஏறக்குறைய 480 மீட்டர். என் கணக்கு: 480-ஐ 110-இன் நான்கு மடங்கான 440-ஆல் வகுத்தால் 1.09 மீட்டர். அதற்கு மேல் ஒரு சாண் கூட்டிப் பொருத்திவிட்டு, ஓட்டி ஓட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்துக்கொண்டே வந்தேன். நீளமாக இருந்தால் வெட்டலாம், குட்டையாகிவிட்டால் ஒட்டு போட வேண்டும். நான்காவது முறை ஓமலூர் ரோட்டில் 2,200 சுற்றைத் தாண்டும்போது ரேடியோவில் செய்தி வாசிப்பது தெளிவாகக் கேட்டது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. மலைக்குரலில் ஒரு இழை கூடக் குறையவில்லை.

குழாய் வாங்கும்போது கவனம். சேலம் உருக்காலை இருக்கும் ஊர், எஸ்.எஸ். பைப்புக்கு என்ன பஞ்சம் என்று நினைத்து மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கும் பைப்பைத் தூக்கி வந்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் 202 ரகம், சுவரும் மெல்லியது. நமக்கு வேண்டியது 304 ரகம், ஒன்றரை மில்லி கனம். காந்தம் வைத்துப் பார்த்து 'ஒரிஜினல்' என்பார்கள், அதை நம்ப வேண்டாம். 202, 304 இரண்டிலும் காந்தம் சரியாக ஒட்டாது, கம்பெனி சைலன்சரில் வரும் 409 ரகத்திலோ நன்றாக ஒட்டும். பில்லில் ரகத்தை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம், அந்தத் துத்தநாகம் எரிந்து வரும் புகை வெல்டரின் நெஞ்சுக்கு ஆகாது. வளைக்கும் இடத்தில் குழாய் நசுங்காமல் இருக்க வேண்டும், அதனால் உள்ளே குண்டு வைத்து வளைத்த ரெடிமேட் பெண்டுகளை வாங்கி வெட்டி இணைப்பது நல்லது.

வெல்டிங் ஆர்கான் வெல்டிங்தான். வெளியே ஆர்கான் வாயு காட்டினால் மட்டும் போதாது, குழாயின் இரு முனையையும் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்து போய், ஒரு வருஷத்தில் அந்த இடத்தில் விரிசல் விடும். காரில் வைத்து இடம் குறிக்க மட்டும் புள்ளி வெல்டிங் வையுங்கள், அப்போது பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட வேண்டும். முழு வெல்டிங்கைக் கழற்றி எடுத்து மேசையில் வைத்துப் போடுங்கள்.

கம்பெனி சைலன்சரை மட்டும் வெட்டாதீர்கள். போல்ட் இருக்கும் இடத்திலேயே கழற்றி, துணி சுற்றிப் பரண் மேல் வையுங்கள். சட்டம் இதில் கண்டிப்பாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின் கீழ் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. சத்தம், புகை வரம்பை மீறினால் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், லைசென்ஸும் மூன்று மாதம் போகும். அதனால் வேலை தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீசிலும் இன்சூரன்ஸ்காரரிடமும் கேட்டுவிடுங்கள். முடியாது என்றால் அந்தக் காரைப் பொது ரோட்டுக்குக் கொண்டுவராதீர்கள், பந்தயத் தடத்தில் ஓட்டுங்கள். புதுக் கார் சோதனையில் 7.5 மீட்டர் தள்ளி மைக் வைத்துத்தான் அளப்பார்கள், பயணிகள் காருக்கென்று ஒரு டெசிபல் வரம்பு உண்டு. போன் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் ஒரே போன், ஒரே இடம், ஒரே சுற்று என்று வைத்து முன்னும் பின்னும் அளந்தால் வித்தியாசம் தெரியும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம்.

மாட்டும்போது எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள். சைலன்சரைத் தொங்கவிடும் ஹேங்கர் ரப்பரும், இணைப்புகளுக்கு நடுவில் வைக்கும் கேஸ்கெட்டும் புதிதாகப் போடுங்கள். பம்பர், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க் எதற்கும் இரண்டு விரல் இடைவெளிக்குக் குறையக்கூடாது. பிறகு கசிவுச் சோதனை: வாக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தைப் புகைபோக்கியில் வைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. இதை விட்டுவிடவே கூடாது, கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, காருக்குள் புகுந்தால் தெரியாமலே ஆளைச் சாய்த்துவிடும்.

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் 'பட் பட்' என்று வெடிக்க வைக்கும் ட்யூனிங்கைச் சிலர் கூடவே செய்து தருகிறேன் என்பார்கள். வேண்டாம். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். மார்ச், ஏப்ரலில் சேர்வராயன் மலைச் சரிவில் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், அங்கே தீப்பொறி துப்பும் கார் யாருக்கும் வேண்டாம். சூடான சைலன்சரோடு காய்ந்த புல் மேல் நிறுத்துவதையும் தவிர்த்துவிடுங்கள். இருட்டிய பிறகு வளைவில் காட்டெருமை நிற்கும், எஸ்டேட் லைன் வீடுகளில் விடியும் முன் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த இடங்களில் நான் ஒரு கியர் கூட்டிப் போட்டு, சுற்றைக் குறைத்துத்தான் போவேன்.

முதல் 200 கிலோமீட்டரில் புது நாரிலிருந்து லேசாகப் புகையும் எண்ணெய் வாடையும் வரும், பயப்பட வேண்டாம். குரலும் அதுவரை கொஞ்சம் மாறிக்கொண்டே இருக்கும். அது நிலைத்த பிறகு போல்ட்டுகளை ஆறிய நிலையில் ஒரு முறை இறுக்கிவிட்டு, அதே இரண்டு ரோட்டில் போய், பழைய பதிவையும் புதிய பதிவையும் அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள்.