ஒப்புட்டைப் பிய்த்ததற்கா இத்தனை அழுகை?

கோபியில் என் தாய் வீட்டுக்குப் போயிருந்தபோது, இரண்டே கால் வயதான என் மகனுக்கு அவனுடைய அம்மாயி, அதாவது என் அம்மா, ஒப்புட்டு (போளி) சுட்டு, நெய் தடவி, சூடு ஆறட்டும் என்று இரண்டாகப் பிய்த்துத் தட்டில் வைத்தார். இரண்டு துண்டுகளையும் ஒரு கணம் பார்த்தவன், தட்டைத் தள்ளிவிட்டுத் தரையில் குப்புற விழுந்து, காலை உதைத்துக்கொண்டு அலறினான். வேறொன்று கொடுத்தால் வாங்கவில்லை. பிய்ந்ததையே ஒட்டித் தரச் சொன்னான். “இத்தினியூண்டுக்கு என்ன ரவுசு பண்றான் பாரு” என்றார் திண்ணையில் இருந்த உறவினர். முதுகில் இரண்டு வைத்தால் சரியாகிவிடும் என்ற யோசனையும் கூடவே வந்தது.

ஒன்றரை வயது முதல் நான்கு வயது வரை இப்படி வெடித்து அழுவது பெரும்பாலான குழந்தைகளிடம் காணப்படும் இயல்பு. பிறக்கும்போது பெரியவர்களுடையதில் ஏறக்குறைய கால் பங்கே இருக்கும் குழந்தையின் மூளை, மூன்று வயதை நெருங்குகையில் சுமார் 80 விழுக்காடு அளவை எட்டிவிடுகிறது. ஆனால் அதன் பகுதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் முதிர்வதில்லை. அச்சத்தையும் சினத்தையும் கிளப்பும் அமிக்டலா தொடக்கத்திலிருந்தே மும்முரமாக வேலை செய்ய, ‘பொறு’ என்று அதை அடக்கவேண்டிய முன்நெற்றிப் புறணி 20 வயதைக் கடந்தும் முதிர்ந்துகொண்டே இருக்கிறது. காங்கேயம் காளையை வண்டியில் பூட்டியாயிற்று, மூக்கணாங்கயிறு இன்னும் கோக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புட்டு வட்டமாக வரும் என்று என் மகன் மனத்தில் ஒரு படம் இருந்தது, அது உடைந்தது. இரண்டு மூன்று சொற்களைக் கோத்துப் பேசத் தொடங்கியிருக்கும் குழந்தையால் அந்த ஏமாற்றத்தை அழுதுதான் சொல்ல முடியும். எதிர்பார்ப்பை மனத்தில் தேக்கி வைத்து, அது மாறியதைக் கண்டுகொண்டதே வளர்ச்சிதான். எதற்கெடுத்தாலும் “வேண்டாம்” என்பதும், பொம்மையைப் பிற குழந்தைக்குத் தராமல் கட்டிப்பிடித்துக்கொள்வதும், தன் விருப்பம் வேறு, பிறர் விருப்பம் வேறு என்று அது பிரித்தறியத் தொடங்கியதன் அடையாளங்கள்.

அழுகை உச்சத்தில் இருக்கும்போது அறிவுரை சொல்லாதீர்கள். அந்நேரத்தில் காரண காரியம் எதுவும் உள்ளே போகாது. என் அம்மா எந்தப் புத்தகமும் படித்தவர் அல்லர். தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, “முழுசா வேணும்னு இருந்தீங்களா சாமி? பிஞ்சு போச்சுங் கண்ணு” என்று தாழ்ந்த குரலில் இருமுறை சொல்லிவிட்டு, பேசாமல் இருந்தார். ஐந்து நிமிடம் போலாயிற்று. அவன் தானாகவே எழுந்து அவர் மடியில் ஏறிக்கொண்டான். குழந்தையின் உணர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுப்பதும், குரலைத் தாழ்த்துவதும், அடிபடாமல் பார்த்துக்கொண்டு காத்திருப்பதுமே செய்யவேண்டியவை. தணிவது எப்படி என்பதைக் குழந்தை நம்மிடமிருந்துதான் பழகுகிறது. பலமுறை பழகியபின்தான் அதற்குரிய நரம்பிணைப்புகள் வலுப்படுகின்றன. கத்தினாலும் அடித்தாலும் ஏற்கெனவே மிரண்டிருக்கும் மூளை மேலும் மிரளும். நானும் கத்திய நாள்கள் உண்டு. பிறகு “அம்மா சத்தம் போட்டுட்டேன், தப்பு” என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.

கனிவு என்பது கேட்டதையெல்லாம் கொடுப்பதாகாது. மிட்டாய் இல்லை என்றால் இல்லைதான். பத்து நிமிடம் அழுதபின் கொடுத்துவிட்டால், மிட்டாயின் விலை பத்து நிமிட அழுகை என்றே குழந்தை கற்றுக்கொள்ளும். அடித்தாலோ கடித்தாலோ அதன் கையை மெல்லப் பிடித்து, “அடிக்க விடமாட்டேன்” என்று சொன்னால் போதும். கைப்பேசியை நீட்டினால் அழுகை உடனே நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் தணியப் பழகும் வாய்ப்பும் அத்தோடு போய்விடும். ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்றும், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வழிகாட்டியிருக்கிறது.

வெடிப்புகளில் பாதியை முன்கூட்டியே தவிர்க்கலாம் என்பது என் அனுபவம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை முடித்துப் பெற்றோர் இருவரும் இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பும்போது, குழந்தை பசி, தூக்கம், ஏக்கம் மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அழுகை அந்நேரத்தில் வருவதில் வியப்பில்லை. சமையலில் இறங்குமுன் பத்து நிமிடம் மடியில் வைத்துக்கொண்டு ஒரு வாழைப்பழம் கொடுத்துப் பாருங்கள். ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கம் உட்பட 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை; அது குறைந்த நாளில் சந்தைக்கோ கல்யாண வீட்டுக்கோ அழைத்துப்போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தேர்க்கடையை விட்டுக் கிளம்பும்போது “இன்னும் அஞ்சு நிமிசம்” என்றால் அதற்கு விளங்காது. “இன்னும் ரெண்டு சுத்து ராட்டினம், அப்புறம் வீடு” என்றால் விளங்கும். சட்டை போட மறுத்தால் சிவப்பா, நீலமா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது ஒப்புட்டைத் தட்டில் வைக்குமுன், “பிய்க்கட்டுங்களா, முழுசா வைக்கட்டுங்களா” என்று அம்மாயி கேட்டுவிடுகிறார்.

இரண்டு வயது முடிந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாதது, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, பேசிய சொற்களை மறப்பது, அழும்போதெல்லாம் தன்னையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவற்றில் எது இருந்தாலும், வளர வளரச் சரியாகிவிடும் என்று காத்திராமல் குழந்தைநல மருத்துவரிடம் காட்டவேண்டும். அழுது மூச்சடைத்து உதடு நீலம் பாய்ந்து மயங்கும் குழந்தைகளும் உண்டு. பெரும்பாலும் அது தானாகவே தெளிந்துவிடும் என்றாலும், இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பரிசோதிப்பது நல்லது. முடிந்தால் அந்த நேரத்தில் வீட்டில் ஒருவர் கைப்பேசியில் காணொளி எடுத்து வைத்திருங்கள். நாம் வாயால் விவரிப்பதைவிட மருத்துவருக்கு அது பெரிதும் உதவும்.