பழைய ஐரோப்பிய ஓவியத்தைத் திரையில் பார்க்கும் முறை

ஐரோப்பாவின் பெரிய அருங்காட்சியகங்கள் பலவும் தங்கள் ஓவியங்களின் மிகத் தெளிவான படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அவற்றைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, படத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் அளவுக் குறிப்பைத்தான். யான் வான் ஐக் 1434-இல் வரைந்த அர்னோல்ஃபினி தம்பதியின் ஓவியம் 82 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் கொண்ட ஓக் பலகை. வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ மூன்று மீட்டருக்கும் மேல் உயரமானது. கைப்பேசியில் இரண்டும் உள்ளங்கை அளவாகிவிடுவதால், அளவு நாடாவைக் கொண்டு வீட்டுச் சுவரில் ஒரு முறை குறித்துப் பார்த்துவிடுங்கள். முதல் ஓவியம், முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது என்பதும், இரண்டாவதன் முன் நிற்பவர் அதில் வரைந்துள்ள அறைக்குள்ளேயே நிற்பதாக ஏன் உணர்கிறார் என்பதும் அப்போது விளங்கும்.

அடுத்து, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடுங்கள். வான் ஐக்கின் ஓவியத்தில் அது இடப்பக்கச் சன்னலிலிருந்து வருகிறது. பித்தளைச் சரவிளக்கின் ஒவ்வொரு வளைவிலும் உள்ள மினுக்கத்தை அந்தச் சன்னலோடு பொருத்திப் பார்க்கலாம். வெர்மீரின் ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ணில் அந்த முத்தைப் பெரிதாக்கினால், மேலே ஒரு வெள்ளைத் தீற்றலும் கீழே சட்டைக் கழுத்தின் மங்கலான பிரதிபலிப்பும் மட்டுமே மிஞ்சும். தோட்டைக் காதில் மாட்டும் கொக்கியை அவர் வரையவே இல்லை.

பிறகு, ஓவியத்தில் கண்ணாடி ஏதேனும் இருந்தால் அங்கே நெடுநேரம் செலவிடுங்கள். அர்னோல்ஃபினி தம்பதிக்குப் பின்னால் சுவரில் தொங்கும் குவியாடியில் அவர்கள் இருவரின் முதுகும், அவர்களுக்கு எதிரே வாசலில் நிற்கும் வேறு இருவரும் தெரிகிறார்கள். அந்த இருவரும் நாம் நிற்கும் இடத்தில் நிற்கிறார்கள். ஆடியின் சட்டத்தைச் சுற்றிலும் உள்ள பத்துச் சிறு வட்டங்களில் கிறிஸ்துவின் திருப்பாடுகள், அதாவது அவர் பட்ட துன்பங்களின் காட்சிகள், வரையப்பட்டுள்ளன. ஒவ்வொரு வட்டமும் ஏறத்தாழ விரல் நகத்தளவுதான். ஆடிக்கு மேலே, சுவரில் எழுதியதைப் போன்ற அலங்கார எழுத்தில், ‘யான் வான் ஐக் இங்கே இருந்தார், 1434’ என்று இலத்தீனில் இருக்கிறது. ‘வரைந்தார்’ என்று கையொப்பமிடுவதே வழக்கமாயிருக்க, ‘இருந்தார்’ என்று எழுதியதை வைத்துத்தான் இந்த ஓவியத்தைப் பற்றிய கதைகள் கிளைத்தன.

இத்தகைய கதைகளைப் படிக்கும்போது சற்று எச்சரிக்கையாக இருங்கள். இது ஒரு திருமணத்துக்கான சாட்சிப் பத்திரம் என்று கலை வரலாற்றாசிரியர் எர்வின் பனோஃப்ஸ்கி 1934-இல் எழுதினார். நெடுங்காலம் அதுவே பாடமாயிற்று, பின்னர் வந்த அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்தப் பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதும் பார்த்தவுடன் தோன்றுவதுதான்; ஆனால் அவள் கையைப் பெரிதாக்கிப் பார்த்தால், அக்கால நாகரிகப்படி தரையில் புரளும் கனத்த ஆடையை வயிற்றருகே அள்ளிப் பிடித்திருப்பது தெரியும். காலடியில் நிற்கும் நாய் தாம்பத்திய விசுவாசத்தின் சின்னம் என்பார்கள். அகச்சிவப்புக் கதிரால் ஆராய்ந்தபோது, வண்ணத்துக்கு அடியிலுள்ள கோட்டுச் சித்திரத்தில் அந்த நாய் இல்லை என்று தெரிந்தது. பிற்பாடு சேர்த்த நாயின் மேல் அத்தனை பாரத்தை ஏற்றுவதற்கு எனக்குத் தயக்கமாகவே இருக்கிறது.

ஓவியத்தின் பெயரையும் அப்படியே நம்பிவிட வேண்டியதில்லை. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த ‘இரவுக் காவல்’ இரவுக் காட்சியன்று. வார்னிஷும் அழுக்கும் கறுத்துப்போனதால் பின்னாளில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. படைத்தலைவர் நீட்டும் கையின் நிழல் பக்கத்திலிருப்பவரின் மஞ்சள் உடையில் விழுவதைப் பாருங்கள், வெளிச்சமான காட்சி என்பது புரியும். 1715-இல் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துச் சுவரில் பொருத்துவதற்காக ஓவியத்தின் ஓரங்களை வெட்டிவிட்டார்கள். வெட்டுவதற்கு முன்பே ஒருவர் சிறிய பிரதி எடுத்து வைத்திருந்ததால், இடப்புறம் இழந்தது எதுவென்று இன்று தெரிகிறது.

இறுதியாக, கைப்பேசியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்று. ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் வரைந்த ‘தூதர்கள்’ ஓவியத்தைத் திரை நிறையத் திறந்துகொள்ளுங்கள். அதில் நிற்கும் இருவரின் வயதும் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது: இடப்புறத்தவரின் கட்டாரி உறையில் 29, மற்றவரின் முழங்கைக்குக் கீழுள்ள புத்தகத்தில் 25. கீழ்த்தட்டில் கிடக்கும் வீணை போன்ற வாத்தியத்தில் ஒரு தந்தி அறுந்திருக்கிறது. தரைக்கு மேலே, மீன் வடிவில் சாய்வாக நீண்டு கிடக்கும் சாம்பல் நிறப் பொருள் மட்டும் என்னவென்று நேராகப் பார்த்தால் புரியாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கைப்பேசியின் வலது விளிம்பைத் திறந்த கண்ணுக்கு அருகே கொண்டுவந்து, திரையின் பரப்பை ஒட்டியவாறு இடப்பக்கம் நோக்குங்கள். கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றினால், அந்தப் பொருள் சுருங்கி ஒரு மண்டையோடாக உருவெடுக்கும். அந்த நொடியில் பட்டும் மென்மயிர்த் தோலும் அணிந்த இரு கனவான்களும் அடையாளம் தெரியாமல் நசுங்கிப்போவார்கள். மறுபடி திரையை நேராகப் பிடித்து, மேலே இடது மூலையில் பச்சைத் திரைச்சீலையின் விளிம்பைப் பெரிதாக்கினால், பாதி மறைந்த ஒரு பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் தொங்கும் இயேசுவின் உருவம்) எட்டிப் பார்க்கும்.